ஸ்பேனர் எல்லா ஊர்லயும் இருக்கு, உங்க வண்டி டியூப் இருக்கா?

வாசகர் கேள்வி - பதில்

மழை ஓய்ஞ்சு தை பொறந்துட்டா சென்னையில பைக் எடுத்துட்டு வெளியூர் கிளம்புறவங்க அதிகமாயிடுறாங்க. இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ரைடு போறப்போ கூட என்ன டூல், என்ன ஸ்பேர் எடுத்துட்டுப் போறதுனு. மைலேஜ், எக்ஸ்சேஞ்ச் கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை இதையே முழுசா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: புதுசா 350 சிசி பைக் வாங்கியிருக்கேன், ஸ்போக் வீல், டியூப் டயர், முன்னாடி 19 இன்ச், பின்னாடி 18. அடுத்த மாசம் நண்பர்களோட 5 வண்டியா ஏலகிரி போறோம். நெட்ல பாத்த லிஸ்ட்ல 40 ஐட்டம் இருக்கு, எல்லாத்தையும் வாங்கினா பையே 10 கிலோ வரும் போல. எதை எடுக்குறது, எதை விடுறது?
- வேளச்சேரி வாசகர்

அந்த லிஸ்டை முதல்ல ஓரமா வைங்க. அதுல பாதி, 200 கிலோமீட்டருக்கு ஒரு கடை கூட இல்லாத ஊர்ல ஓட்டுறவங்க எழுதினது. நீங்க போற ரூட் என்ன? பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, அப்புறம் ஹைவேயை விட்டு எறங்கி 14 கொண்டை ஊசி வளைவு. இந்த ரோட்டுல பகல் நேரத்துல கொஞ்ச தூரத்துக்கு ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு பஞ்சர்னு பெயிண்ட்ல எழுதி வச்ச கடை இருக்கும், அங்க ஜாக்கி இருக்கும், டயர் லீவர் இருக்கும், கம்ப்ரஸர் இருக்கும், 8லேருந்து 32 வரைக்கும் ஸ்பேனர் இருக்கும், அதையெல்லாம் உங்களவிட பத்து மடங்கு வேகமா யூஸ் பண்ற ஆளும் இருப்பாரு. இல்லாதது ஒண்ணுதான், உங்க வண்டிக்கான சாமான். டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் கேபிள், டியூப் எல்லாம் எந்தக் கிராமத்துலயும் கிடைச்சிடும், உங்க 19 இன்ச் டியூப் கிடைக்காது, உங்க கிளட்ச் கேபிள் கிடைக்காது.

அதனால டூலையும் ஸ்பேரையும் தனித்தனியா யோசிங்க. டூல் உங்க கைக்குனு எடுத்துட்டுப் போறது, உங்களுக்கு அந்த வேலை தெரிஞ்சாத்தான் அதுக்கு மதிப்பு. ஸ்பேர் அப்படி இல்ல, உங்களுக்கு மாட்டத் தெரியலேன்னாலும் வழியில இருக்கிற மெக்கானிக் அண்ணன் மாட்டிக் குடுத்துடுவாரு. நம்ம ஊர் ரோட்டுக்கு ஸ்பேர்தான் முதல்ல, டூல் ரெண்டாவது. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, 46 பீஸ் சாக்கெட் செட் வாங்கி வச்சுக்கிட்டு டியூப் இல்லாம கிளம்புறாங்க.

உங்க வண்டிக்கு நான் எடுத்துக்கச் சொல்றது இதுதான். டியூப், முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணு எடுத்தா நல்லது, ஒண்ணுதான் எடுக்க முடியும்னா 19 இன்ச் டியூபை எடுங்க, ஏன்னா அவசரத்துக்கு அதைப் பின்னாடி 18 இன்ச் டயருக்குள்ள மடிப்பு விழாம பாத்துத் திணிச்சு மெதுவா ஓட்டி ஊர் போய்ச் சேரலாம், ஊருக்கு வந்ததும் சரியான டியூபை மாத்திடணும். கிளட்ச் கேபிள் ஒண்ணு. ஆக்ஸிலேட்டர் கேபிளும் எடுக்கலாம், ஆனா அது கிளட்ச் கேபிள் அளவுக்கு அடிக்கடி அறுந்துபோற சாமான் இல்ல. ஃப்யூஸ் ரெண்டு. அறுந்த செயினைச் சேத்து மாட்டுற செயின் லாக் ஒண்ணு, உங்க செயின் சைஸுக்கு. கிளட்ச் லீவர் ஒண்ணு, நிறுத்தி வச்ச வண்டி சாஞ்சாக்கூட உடையிற சாமான் அது. இவ்ளோதான் ஸ்பேர், எல்லாம் சேத்து ரெண்டு மூணு கிலோவுக்குள்ள வந்துடும், அதுலயும் டியூப்தான் முக்கால்வாசி.

டூல் என்ன வேணும்னு முடிவு பண்றதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு வாசல்ல வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நீங்க எடுத்துட்டுப் போகப்போற டூலை மட்டும் வச்சுப் பின் வீலைக் கழட்டுங்க. வீட்டுல இருக்கிற பெரிய டூல் பாக்ஸைத் தொடாதீங்க. அப்போ தெரியும், கம்பெனி குடுத்த தகட்டு ஸ்பேனர் ஆக்ஸில் நட்டுல நழுவுதா இல்லையானு. சர்வீஸ் சென்டர்ல ஏர் கன் வச்சு முறுக்கியிருந்தா குட்டி ஸ்பேனருக்கு அது அசையவே அசையாது, அதுக்கு நல்ல ரிங் ஸ்பேனர் ஒண்ணு வேணும், ஸ்பேனர் கைப்பிடியில சொருகுற மாதிரி ஒரு அடி ஜி.ஐ. பைப் வேணும், அந்தப் பைப்பைச் சொருகி அமுக்கினா இறுகிப்போன நட்டும் விட்டுக்குடுக்கும். எந்த நட்டுக்கு எந்த சைஸ்னு கழட்டுறப்போவே ஒரு துண்டு டேப்ல எழுதி ஸ்பேனர்ல ஒட்டிடுங்க. அந்த ஒரு காலையில கைக்கு வராத டூலை எல்லாம் வீட்டுலயே விட்டுட்டுப் போலாம்.

டியூப் மாத்துறதும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க. லீவரை வச்சு டயரைத் தூக்குறப்போ நேர் எதிர்ப்பக்கம் டயரோட ஓரத்தை ரிம்முக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துக்குள்ள முட்டி போட்டு அமுக்கி வச்சுக்கணும், அப்போதான் இந்தப் பக்கம் லூஸ் கிடைக்கும், அதைப் பண்ணாம பலம் போட்டா லீவர் முனை புது டியூபையே கடிச்சுடும். உள்ள போடுறதுக்கு முன்னாடி டியூப்ல கொஞ்சூண்டு காத்து அடிச்சு உருண்டையா ஆக்கிக்கோங்க, ஒரு கை டால்கம் பவுடர் தடவுங்க, முறுக்கிக்காம உக்காரும். பழைய டியூபைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஓட்டை எங்க இருக்குனு பாத்து, டயர்ல அதே எடத்துல விரலை மெதுவா விட்டுத் தடவிப் பாருங்க. ஆணி உள்ளயே இருந்தா புது டியூபும் பத்து நிமிஷத்துல போயிடும்.

அப்புறம் 5 வண்டி போறீங்கன்னா 5 டூல் கிட் தேவையில்லை, ஒண்ணு போதும், ஆனா அது கடைசியா வர்றவர் கிட்ட இருக்கணும். முன்னாடி போறவர் கிட்ட இருந்தா நீங்க ராணிப்பேட்டைக்கிட்ட நின்னுட்டு இருப்பீங்க, கிட் ஆம்பூர்ல பிரியாணி கடை வாசல்ல இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி யார் வண்டி டியூப், யார் வண்டி டியூப்லெஸ்னு கேட்டுக்கோங்க, ஒருத்தர் கிட்ல இருக்கிற ஐட்டம் இன்னொருத்தர் வண்டிக்கு ஆகாமப் போயிடும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். டூலை முதுகுப் பையில போட்டுக்காதீங்க. வண்டியில இருந்து விழுந்தா முதுகு தரையில அடிபடலாம், அப்போ முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஸ்பேனர் இருக்கக் கூடாது. சைடு பாக்ஸ், டேங்க் பேக், சீட்டுக்கு அடியில, எங்கயாவது வண்டியில கட்டுங்க, எவ்ளோ கீழ முடியுமோ அவ்ளோ கீழ.

கேள்வி: என்னோடது அலாய் வீல், டியூப்லெஸ். ஆன்லைன்ல பஞ்சர் ஓட்டையை அடைக்க சரடு மாதிரி ஸ்ட்ரிப் கிட்டும் இருக்கு, காளான் மாதிரி தலை வச்ச மஷ்ரூம் பிளக் கிட்டும் இருக்கு. எது நல்லது? கிட் இருந்தா நானே போட முடியுமா?
- பெரம்பூர் வாசகர்

தாராளமா போடலாம். டியூப்லெஸ் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் கத்துக்க வேண்டிய வேலை அது. நான் ஸ்ட்ரிப் கிட் பக்கம். மஷ்ரூம் பாக்குறதுக்கு நீட்டா இருக்கும், ஆனா ஓட்டை கொஞ்சம் கோணலா, பெருசா இருந்தா ஸ்ட்ரிப்பை ரெண்டா சேத்துக்கூடப் போடலாம், மஷ்ரூம்ல அந்த வசதி இல்ல, விலையும் ஜாஸ்தி.

ஆணி ஏறினது தெரிஞ்சா அவசரப்பட்டு அதைப் பிடுங்காதீங்க. டியூப்லெஸ்ல ஆணி உள்ள இருக்கிற வரைக்கும் காத்து மெதுவாத்தான் இறங்கும், அந்த நேரத்துல நிழலா, ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு எடம் பாத்து நிறுத்தலாம். கிட்டை முழுசா பிரிச்சு, ஸ்ட்ரிப்பை ஊசிக் காதுல பாதி வரைக்கும் கோத்து, சொல்யூஷன் தடவி ரெடியா வச்சுட்டு, அப்புறமா கட்டிங் பிளேயரால ஆணியை இழுங்க. எந்தச் சாய்வுல ஆணி உள்ள போயிருக்குனு பாத்துக்கோங்க, அதே சாய்வுலதான் ரம்பம் மாதிரி இருக்கிற ரீமரை விடணும். உள்ளயும் வெளியவும் நாலஞ்சு தடவை நல்லா அழுத்தித் தேய்க்கணும், இந்த வேலையைத்தான் நிறைய பேர் பயந்துட்டு அரைகுறையா விட்டுடுறாங்க, ஓட்டை பெருசாயிடுமோனு. சரியா தேய்க்கலேன்னா ஸ்ட்ரிப் உள்ள போகாது, போனாலும் ஒட்டாது. அப்புறம் ஊசியை முழு பலத்தோட அமுக்கி, ஸ்ட்ரிப்போட ரெண்டு வால் மட்டும் வெளிய ஒரு சென்டிமீட்டர் தெரியுற வரைக்கும் இறக்கி, திருகாம ஒரே வெடுக்குல வெளிய இழுங்க. வாலை டயரை ஒட்டி வெட்டாதீங்க, கொஞ்சம் விட்டு வெட்டுங்க. காத்து அடிச்சுட்டு மேல எச்சி தொட்டு வைங்க, குமிழி வரலேன்னா கிளம்பலாம்.

காத்து எப்படி அடிக்கிறதுனு யோசிக்காம கிட் வாங்குறவங்கதான் அதிகம், கேள்வியில நீங்களும் அதைக் கேக்கல. பேட்டரி வச்ச குட்டி இன்ஃபிளேட்டர் இப்போ எல்லா எடத்துலயும் கிடைக்குது, அது போதும், ஆனா ரைடுக்கு முந்தின நாள் ராத்திரி அதை சார்ஜ் போடணும். வண்டி பேட்டரியில மாட்டுற 12 வோல்ட் கம்ப்ரஸர்னா என்ஜினை ஓடவிட்டு அடிங்க, யுஎஸ்பி சாக்கெட்டை நம்பாதீங்க, அது இழுக்குற கரண்டை அந்த லைன் தாங்காது, நேரா பேட்டரியில ஃப்யூஸோட ஒரு வயர் இழுத்து வச்சுக்கணும்.

ரெண்டு விஷயத்துக்கு இந்தக் கிட் உதவாது. டயரோட பக்கச் சுவர் கிழிஞ்சா அங்க ஸ்ட்ரிப் போடவே கூடாது, அந்த எடம் ஓடுறப்போ வளைஞ்சு வளைஞ்சு நிமிருற எடம், பிளக் நிக்காது. குழியில விழுந்து அலாய் நெளிஞ்சாலும் ஸ்ட்ரிப்பால ஒண்ணும் பண்ண முடியாது, காத்து ரிம் ஓரமா போகும். இந்த ரெண்டுக்கும் ஒரு டியூப் கையில இருந்தா பஞ்சர் கடையில டியூப்லெஸ் டயருக்குள்ளயே டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம், வந்ததும் டயரையோ ரிம்மையோ உடனே பாத்துடுங்க. ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி எடம் போறவங்க இந்த டியூபையும் எடுத்துட்டுப் போங்க, ஈசிஆர்ல புதுச்சேரி வரைக்கும் போறவங்களுக்குக் கிட் மட்டும் போதும்.

சொல்யூஷன் டியூப் ஒரு தடவை திறந்துட்டா சென்னை வெயிலுக்குச் சீக்கிரம் காஞ்சு போயிடும், ரைடுக்கு முன்னாடி அமுக்கிப் பாத்துக்கோங்க.

கேள்வி: போரூர்ல இருந்து சிறுசேரி வரைக்கும் தினமும் ஸ்கூட்டர்ல போயிட்டு வர்றேன், சில நாள் ராத்திரி 11 மணி ஆயிடும். எனக்கு ரிப்பேர் வேலை எதுவும் தெரியாது. டிக்கியில என்ன வச்சுக்கலாம்?
- பெயர் வேண்டாம் எனக் கேட்ட வாசகி

ரிப்பேர் தெரியணும்னு அவசியமே இல்லைங்க. ராத்திரியில உங்களுக்கு வேண்டியது, நின்ன எடத்துல இருந்து வெளிச்சமும் ஆளும் இருக்கிற எடம் வரைக்கும் போய்ச் சேருறது, அவ்ளோதான். அதுக்கு ஒரு சார்ஜ் போட்ட இன்ஃபிளேட்டரை மட்டும் வாங்கி வைங்க, அதுதான் முதல் செலவு. டியூப்லெஸ் டயர்ல ஆணி இருந்தா ஆணியைத் தொடாம காத்தை மட்டும் அடிச்சுட்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போங்க, இறங்குனா நிறுத்தி மறுபடி அடிங்க. எவ்ளோ அடிக்கணும்னு ஸ்கூட்டர்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ காத்து அழுத்தத்தோட பிஎஸ்ஐ கணக்கு இருக்கும், அதை இன்ஃபிளேட்டர்ல செட் பண்ணிட்டா அதுவே நின்னுடும்.

டார்ச் ஒண்ணு, தலையில மாட்டுற டைப்னா கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், போனை டார்ச்சா யூஸ் பண்ணி சார்ஜைத் தீத்துடாதீங்க. ஃப்யூஸ் ரெண்டு. ஒரு பவர் பேங்க். ஸ்கூட்டரோட பின் வீலைக் கழட்ட சைலன்ஸரை எல்லாம் கழட்ட வேண்டியிருக்கும், அதனால ஸ்பேனர் செட் வேண்டாம். உள்ள இருக்கிற பெல்ட் அறுந்தாலும் ரோட்டுல மாத்துற வேலை இல்ல, சர்வீஸ்ல சொல்ற கிலோமீட்டருக்கு மாத்திட்டா அந்தப் பயமே வேண்டாம்.

ஸ்பேர் சாவியை டிக்கிக்குள்ள வைக்காதீங்க, ஹேண்ட்பேக்ல வைங்க. சாவியை உள்ள போட்டு சீட்டை அமுக்கிட்டு நிக்கிறவங்கள ஓஎம்ஆர் ஆபீஸ் பார்க்கிங்ல அடிக்கடி பாக்கலாம். 112 நம்பரையும் வீட்டு நம்பரையும் போன்ல வச்சிருப்பீங்க, ஒரு துண்டுப் பேப்பர்லயும் எழுதி டிக்கியில போட்டு வைங்க.

கேள்வி: என் கிட்ட பழைய புல்லட் இருக்கு, அப்பா காலத்து வண்டி. கிளட்ச் கேபிள் ரெண்டு தடவை வழியில அறுந்துடுச்சு. இப்போ ஸ்பேர் கேபிளை டூல் பாக்ஸ்ல சுருட்டி வச்சிருக்கேன். வேற என்ன வச்சுக்கணும்?
- மயிலாப்பூர் வாசகர்

சுருட்டி வைக்காதீங்க சார், கேபிள் சின்னச் சுருள்ல ரொம்ப நாள் கிடந்தா உள்ள மடிப்பு விழுந்து, மாட்டினதும் இழுக்குறதுக்கு இறுக்கமா இருக்கும். புல்லட்காரங்க ரொம்ப காலமா பண்றது ஒண்ணு இருக்கு, ஓடுற கேபிளோட பக்கத்துலயே புது கேபிளையும் அதே வழியில இழுத்து, ஹேண்டில்ல இருந்து கீழ வரைக்கும் டேக் போட்டுக் கட்டி, ரெண்டு முனையையும் தூசி, தண்ணி போகாம இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிடுறது. அறுந்தா ரெண்டு முனையை மட்டும் மாத்தினா போதும், டேங்க்கைத் தூக்க வேண்டியதில்ல, ராத்திரின்னாலும் டார்ச் வெளிச்சத்துல முடிச்சிடலாம். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, எங்கயும் இழுக்கக் கூடாது.

ஆனா ரெண்டு தடவை அறுந்திருக்குன்னா காரணத்தைத் தேடணும். லீவருக்குள்ள நிப்பிள், அதாவது கேபிள் முனையில இருக்கிற உலோகக் குமிழ், உக்காருற எடத்தைக் கழட்டிப் பாருங்க, கேபிள் அங்கதான் அறுந்துபோகும், லீவரை அமுக்குறப்போ நிப்பிள் அந்தக் குழிக்குள்ள தானா திரும்பணும். கிரீஸ் இல்லாம காஞ்சு போயிருந்தா நிப்பிள் திரும்பாது, கேபிள்தான் வளையும், வளைஞ்சு வளைஞ்சு ஒவ்வொரு இழையா போகும். மாசம் ஒரு தடவை ஒரு விரல் கிரீஸ் வைங்க. ரெண்டு மூணு இழை பிரிஞ்சு ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா அன்னைக்கே மாத்திடுங்க. ஸ்க்ரூ நிப்பிள்னு ஒண்ணு கிடைக்கும், அறுந்த முனையைக் கோத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம், நிறைய வண்டி கேபிளுக்கு ஆகும், சைஸும் சின்னது, அதையும் ரெண்டு வாங்கிப் போடுங்க.

உங்க வண்டியில பழைய மாதிரி பாயின்ட் திறந்து மூடி ஸ்பார்க் குடுக்குற பாயின்ட் இக்னிஷன்னா பாயின்ட் செட் ஒண்ணு, கண்டன்சர் ஒண்ணு, பிளக் ஒண்ணு, பாயின்ட்டைத் தேய்க்க வழவழப்பான எமரி ஷீட் ஒரு துண்டு, பாயின்ட் இடைவெளி பாக்க ஃபீலர் கேஜ். இந்த சாமான் இப்போ இருக்கிற சின்ன மெக்கானிக்குங்க கிட்ட இருக்காது, பாயின்ட் செட் பண்ணத் தெரிஞ்ச பசங்களும் கொறைஞ்சுட்டாங்க, அதனால இந்த வேலையை நீங்களே கத்துக்கிட்டா அப்பா வண்டியை நிம்மதியா எங்க வேணா எடுத்துட்டுப் போலாம்.

கேள்வி: ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் பல்பு, என்ஜின் ஆயில் இதெல்லாம் எடுத்துட்டுப் போகணுமா? வாட்டர் பாட்டில்ல ஒரு லிட்டர் பெட்ரோல்?
- அம்பத்தூர் வாசகர்

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது வண்டின்னா பிளக் சர்வீஸ்ல ஒழுங்கா மாத்தியிருந்தா போதும். ஹெட்லைட் எல்இடியா இருந்தா மாத்துறதுக்கு பல்பே கிடையாது. ஆயில் குடிக்கிற வண்டின்னா மட்டும் அரை லிட்டர், மத்தபடி கிளம்புற அன்னைக்கு லெவல் பாத்தா போதும்.

பெட்ரோல் பாட்டில் வேண்டவே வேண்டாம். வெயில்ல பிளாஸ்டிக் பாட்டில் உப்பி, மூடி வழியா ஆவி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதைப் பையில வச்சுக்கிட்டு ஓட்டுறது நெருப்போட விளையாடுற வேலை. பாதி டேங்க் வந்ததும் நிரப்புங்க.

எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலா ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிற வண்டிக்காரங்க பேட்டரியை மட்டும் அலட்சியமா விடாதீங்க. பேட்டரி சுத்தமா செத்துட்டா பெட்ரோல் பம்ப்பே ஓடாது, எவ்ளோ தூரம் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளிடலாம்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. ஃப்யூஸ் போனா அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும், 10 இருந்த எடத்துல 10. சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பரைச் சுத்தி ஓட்டினா வயரிங்தான் உருகும்.

கேள்வி: அண்ணா நகர்ல இருந்து விடியக்காலை 4:30க்கு கியர் சைக்கிள்ல கிளம்பி ஈசிஆர் வழியா மாமல்லபுரம் போய்த் திரும்புறோம். சைக்கிளுக்கும் நீங்க சொல்லலாமே?
- அண்ணா நகர் வாசகர்கள் மூணு பேர்

கண்டிப்பா. பைக்காரங்களுக்கு நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, அந்த நேரத்துல எந்தக் கடையும் திறந்திருக்காது, திறந்தாலும் உங்க வீல் சைஸான 700சிக்கு டியூப் அங்க கிடைக்காது. முக்கியமா வால்வ். உங்க சைக்கிள்ல ஒல்லியா, தலையில குட்டி நட்டு வச்ச பிரெஸ்டா வால்வ்னா பஞ்சர் கடை கம்ப்ரஸர் அதுல உக்காராது. ஒரு பித்தளை அடாப்டர் இருக்கு, சட்டைப் பட்டன் அளவுதான், அதை ஒவ்வொருத்தரும் வால்வுலயே மாட்டி வச்சுக்கோங்க, அப்போ பெட்ரோல் பங்க்லயும் காத்து பிடிக்கலாம்.

ஆளுக்கு ரெண்டு டியூப், பிளாஸ்டிக் லீவர் ரெண்டு, மினி பம்ப் ஒண்ணு, இதை யாரும் யாரையும் நம்பிப் பங்கு போட்டுக்காதீங்க, ஒருத்தர் பின்னாடி தங்கிட்டா என்ன பண்ணுவீங்க. மூணு பேருக்கும் பொதுவா செயின் பிரேக்கர் இருக்கிற மல்ட்டி டூல் ஒண்ணு, அறுந்த செயினைச் சேக்க உங்க செயின் ஸ்பீடுக்கு ஏத்த குயிக் லிங்க் ரெண்டு, ஒட்டுப் பேட்ச் ஒரு பாக்கெட். பின் கியரைத் தாங்குற ஹேங்கர் சைக்கிள் வலது பக்கம் விழுந்தா நெளியிற சாமான், மாடலுக்கு மாடல் வேற, கடையில உடனே கிடைக்காது, அதை மட்டும் இப்போவே ஆர்டர் போட்டு வாங்கி சீட் பையில போட்டுடுங்க.

ஈசிஆர், ஓஎம்ஆர் ஓரத்துல அடிக்கடி பஞ்சர் ஆகுறதுக்கு ஆணி மட்டும் காரணம் இல்ல, வெடிச்ச லாரி டயருக்குள்ள இருந்து உதிர்ற தலைமுடி மாதிரி மெல்லிசு இரும்புக் கம்பி. டயர்ல குத்தி நிக்கும், வெளியில இருந்து பாத்தா தெரியாது, விரலுக்கும் சட்டுனு தட்டாது. டியூப் மாத்துறப்போ டயர் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வச்சு சுத்திலும் இழுங்க, கம்பி இருக்கிற எடத்துல பஞ்சு மாட்டிக்கும், அதைக் குட்டி ட்வீஸரால வெளிய எடுங்க. இதைப் பண்ணாம ஒரே எடத்துல ரெண்டாவது டியூபும் போனா, அப்புறம் கையில ஒட்டு மட்டும்தான் மிச்சம். டயரே கிழிஞ்சு டியூப் பிதுங்கினா ஒரு பத்து ரூபா நோட்டை நாலா மடிச்சு கிழிசலுக்கு உள்பக்கம் வச்சு, பாதி காத்துல ஓட்டி வரலாம், அதைவிடப் பழைய டயர்ல இருந்து வெட்டின ஒரு துண்டு இருந்தா இன்னும் நல்லா நிக்கும்.

பின்னாடி சிகப்பு லைட் இல்லாம யாரும் கிளம்பாதீங்க, அதுக்கும் சார்ஜ் இருக்கானு பாத்துட்டு வீட்டை விட்டு இறங்குங்க.

கேள்வி: செயின் லாக் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க, அதை எப்படி மாட்டுறது? ஒரு மெக்கானிக் ஒரு மாதிரி மாட்டுறாரு, இன்னொருத்தர் திருப்பி மாட்டுறாரு.
- தாம்பரம் வாசகர்

லாக்ல இருக்கிற கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், திறந்த வாய் பின்னாடி வரணும். திருப்பிப் போட்டா கல்லு, கம்பு எதுலயாவது பட்டு கிளிப் கழண்டுடும், செயின் அறுந்து பின் வீல்ல சுத்திக்கிட்டா வண்டி அப்படியே லாக் ஆயிடும். மாட்டுறதுக்குச் சுலபமா இருக்க லாக் வர்ற எடத்தைப் பின் ஸ்ப்ராக்கெட் பல்லு மேல வச்சுக்கோங்க, ரெண்டு முனையும் ஆடாம நிக்கும். லாக் வாங்குறப்போ 428ஆ 520ஆனு செயின்லயே அடிச்சிருக்கிற நம்பரைப் பாத்து வாங்குங்க.

கேள்வி: இதெல்லாம் எங்க வாங்குறது? புதுப்பேட்டையில பாதி விலைக்குக் கிடைக்கும்னு சொல்றாங்களே?
- ராயபுரம் வாசகர்

புதுப்பேட்டையில கிடைக்காததே இல்ல, அதுல சந்தேகம் வேண்டாம். லீவர், மிரர், ஃபுட்ரெஸ்ட், கிராஷ் கார்டு மாதிரி கண்ணால பாத்து நல்லா இருக்குனு சொல்ல முடியுற சாமானை அங்க தாராளமா வாங்குங்க. கேபிள், டியூப், பிரேக் ஷூ, செயின் இதையெல்லாம் பழசுல வாங்காதீங்க, உள்ள எவ்ளோ தேஞ்சிருக்குனு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு ஜி.பி. ரோடு போங்க, இல்லேன்னா உங்க வண்டி கம்பெனி ஸ்பேர் கவுன்ட்டர். கேபிள் மட்டும் கவுன்ட்டர்லயே வாங்கிடுங்க, டூப்ளிகேட் கேபிள் நீளம் ஒரு இன்ச் வித்தியாசமா வரும், ரோட்டு ஓரத்துல மாட்டுறப்போதான் அது தெரியும்.

ஸ்பேனர் டபாரியா மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனியில வாங்குங்க, மொத்த செட் வேண்டாம், உங்க வண்டிக்கு வேண்டிய நாலு சைஸ் மட்டும் தனித்தனியா குடுப்பாங்க. டியூப் வாங்கப் போறப்போ டயர் பக்கத்துல இருக்கிற நம்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, பில் வாங்கி வச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் காத்து அடிச்சு ஒரு ராத்திரி வச்சுப் பாத்துட்டு, காத்து இறங்கியிருந்தா மறுநாளே கொண்டு போய் மாத்திக்கலாம்.